எடைமேடை ஏறியவர் இறங்கக் கூடாது

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இரண்டு வகை எடைமேடைகள் உண்டு. முதல் வகையில் லாரி ஏறும், எடை தெரியும், லாரி இறங்கும். இரண்டாவது வகை, வடபகுதி எடை ஒழுங்கு வாரியத்தினுடையது. அங்கே லாரி ஏறும். அதற்கு மேல் நடப்பதெல்லாம் வாரியத்தின் சித்தம். அரசாங்க வேலைக்குப் போகிற கம்பியை வாரியத்து மேடையில்தான் எடை போட வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், புத்தி தெளிவாக உள்ளவர்களும் அங்கே வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாரி அன்று காலை பத்து மணிக்கு ஏறினான். எண்ணூர் பக்கம் கட்டுகிற ஒரு பாலத்துக்கான முறுக்குக் கம்பி லோடு. ஆள் கொருக்குப்பேட்டை. சொந்த லாரி, நல்ல உடம்பு, வாயில் பொய் வராது. இத்தனை இருந்தும் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. குறை அவனிடம் இல்லை, ரோட்டில் இருந்தது. முதல் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டிய நாளில் துறைமுக கேட் வரிசையில் மாட்டிக்கொண்டு அங்கேயே விடிந்தது. இரண்டாவது பெண் வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். லாரிக்காரனுக்குக் கொடுத்தால் பெண் வாசலைப் பார்த்தே கிழவியாகிவிடும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மூன்றாவது பெண். திருவொற்றியூர் குணசுந்தரி, ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை, ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருந்தாள். "நாலு மணின்னா நாலு மணிக்கு வரணும். மத்தத அப்பால பாத்துக்கலாம்."

பாரியின் அக்கா செல்லம்மா இதை அவன் காதில் காலையிலும் ஒரு முறை ஓதி அனுப்பியிருந்தாள். "இந்த எடம் போச்சுன்னா நான் உனக்கு இனிமே பொண்ணு தேட மாட்டேன், ஆமா. அந்தப் பொண்ணு போட்டோவ பாத்த நாள்லேர்ந்து நீ தூக்கத்துல சிரிச்சிகினு கீற. நான் பாத்துகினுதான் கீறேன்."

அது உண்மைதான். போட்டோவில் அந்தப் பெண் சிரிக்கவில்லை, எதிரில் இருப்பவனை நிறுத்திக் கேள்வி கேட்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பாரிக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடித்துவிட்டது.

மேடையில் ஏறி எஞ்சினை அணைத்ததும் பின்னால் ஒரு சங்கிலி மாட்டப்பட்டது. முன்னால் ஏற்கெனவே ஒன்று தொங்கியது. வாட்ச்மேன் துரை வந்து ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டான். எதிரே ஒரு பலகையில் வாரியம் தன் கொள்கையை எழுதி வைத்திருந்தது. 'மேடை ஏறிய வாகனம் எடைச்சீட்டு அச்சாகும் வரை இறங்கக் கூடாது. ஓட்டுநர் எடையின் ஒரு பகுதியாவார்.'

"சீட்டு எப்பண்ணே குடுப்பாங்க?" என்று பாரி கேட்டான்.

"இன்னிக்கி ஒயர்லெஸ் அடாப்டர் தொறப்பு விழா. மொத வண்டியே நீதான். குடுத்து வெச்சவன் மாமு" என்றான் துரை.

விஷயம் இதுதான். எடைமேடை ரோட்டுக்கு இந்தப் பக்கம், அலுவலகம் அந்தப் பக்கம். மேடையின் எடைக்கருவியிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ரோட்டுக்கு மேலே ஒரு ஒயர் துணிக்கொடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் உயரமாக லோடு ஏற்றிய ஒரு ட்ரெய்லர் அதை மாட்டி மணலி வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரோடு ஒரு துறைக்குச் சொந்தம், கம்பம் இன்னொரு துறைக்கு, இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆகாயம் யாருக்கு என்று முடிவாகாததால் புது ஒயர் கட்ட முடியவில்லை. ஆகவே ஒயரே வேண்டாமென்று அடாப்டர் வாங்கினார்கள். அது இரண்டு துண்டு. ஒன்றைக் கம்பெனி ஆளே எடைக்கருவியில் பொருத்திவிட்டுப் போயிருந்தான். கட்டைவிரல் நகத்தளவு உள்ள மற்றொன்றைக் கம்ப்யூட்டரில் செருகினால் எடை தானாக வந்து திரையில் நிற்கும். மற்ற இடங்களில் செருகிவிடுவார்கள். வாரியத்தில் எதையும் அப்படிச் சட்டென்று செருகிவிட முடியாது.

அலுவலக வாசலில் ஷாமியானா போட்டு மைக்செட் வைத்திருந்தார்கள். அடாப்டர் ஒரு வெள்ளித்தட்டில் சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. பூமாலை போட்டதில் அது காணாமல் போய், கொஞ்ச நேரம் எல்லோரும் மாலைக்குள் தேடினார்கள். கிடைத்தவுடன் எடை அதிகாரி சுப்புராயன் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, குரலில் முப்பது வருஷ சர்வீஸ்.

"பெருமக்களே! இதுவரை நமக்கும் எடைக்கும் நடுவில் ஒரு ஒயர் இருந்தது. இன்று முதல் நமக்கும் எடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! முன்பெல்லாம் ஒயர் அறுந்தால் ரோட்டில் போகிறவன்கூடக் கண்டுபிடித்து, சார், ஒயர் அறுந்து கிடக்கிறது என்று கேலி பேசுவான். இனி நம்மிடம் எது அறுந்தாலும் எவனுக்கும் தெரியாது. இதுதான் விஞ்ஞானத்தின் வெற்றி!"

பெருமக்கள் கைதட்டினார்கள். பெருமக்கள் என்பது குமாஸ்தா ஜெயஸ்ரீ, வாட்ச்மேன் துரை, டீ கொண்டு வந்தவர் ஆகிய மூவர். பாரியும் தட்டினான். தட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தான், பாவம்.

மைக்செட்டுக்கு நாள் வாடகை கொடுத்தாகிவிட்டது என்பதால் விழா முடிந்தும் அதை அணைக்கவில்லை. வாரியம் அன்று முழுக்கப் பேசியதெல்லாம் ரோட்டின் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"சார், செருகிடட்டுமா?" என்றது ஜெயஸ்ரீயின் குரல்.

"பொருள் நம்பர் எழுதாமல் செருகுவதா? நாளைக்குத் தணிக்கையில் இது யாருடைய அடாப்டர் என்று கேட்டால் அது வாய் திறந்து சொல்லுமா?"

வாரியத்தில் மேசை, நாற்காலி, குப்பைக்கூடை, சுவரில் தொங்கும் காந்தி படம் எல்லாவற்றிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் இருக்கும். பெயிண்டர் வரவழைக்கப்பட்டார். வ.எ.ஒ.வா. என்று தொடங்கி ஆண்டோடு முடிகிற நம்பர் அந்த நகத்தளவுப் பொருளில் எப்படி அடங்கும்? முதல் எழுத்துக்கே இடம் போதவில்லை. யோசித்து, ஒரு முழ நீளப் பலகையில் நம்பரை எழுதி, அடாப்டரைக் கட்டுக்கம்பியால் பலகையோடு சேர்த்து முறுக்கினார்கள். சாத்தாங்காட்டில் கட்டுக்கம்பிக்கா பஞ்சம்? ஒயர் வேண்டாமென்று வாங்கிய பொருளை ஒயர் போட்டுக் கட்டியதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பெயிண்ட் காய்வதற்குள் மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பாரி வண்டிக்குள்ளிருந்தே கை கூப்பினான். "சார், நாலு மணிக்கு எனக்குப் பொண்ணு பாக்கப் போவணும் சார்."

சுப்புராயன் ரோட்டைக் கடந்து வந்து அவனை அன்போடு பார்த்தார். "தாராளமாய்ப் போ. வாரியம் யார் கல்யாணத்துக்கும் குறுக்கே நிற்காது."

"அப்ப எறங்கலாமா சார்?"

"அது மட்டும் கூடாது."

அடுத்து வந்தது பாதுகாப்புப் பிரச்சினை. விலையுயர்ந்த சிறு பொருட்களை இரும்பு பீரோவில் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அடாப்டர் சிறு பொருள். ஆனால் அதைக் கம்ப்யூட்டரை விட்டுப் பிரித்தால் வேலை செய்யாது. சுப்புராயன் சற்றும் கலங்காமல் தீர்ப்புச் சொன்னது மைக்கில் கேட்டது. "கம்ப்யூட்டர் பெட்டியையும் பீரோவுக்குள் வை."

மார்க்கெட்டிலிருந்து கேஸ் கட்டிங் ஆளைக் கூட்டி வந்து பீரோவின் முதுகில் ஓட்டை போட்டார்கள். பெட்டியும் பலகையும் உள்ளே போயின. திரை, பிரிண்டர், கீபோர்டு மூன்றும் வெளியே. ஓட்டை வழியாக இத்தனை ஒயர்கள் வந்ததைப் பார்த்து அந்தக் கேஸ் கட்டிங் ஆளே, "இன்னா சார், ஒயர் இல்லாத மிஷின்னீங்களே?" என்று கேட்டுவிட்டான். அவனை உடனே வெளியே அனுப்பினார்கள்.

பீரோவைச் சாத்திப் பூட்டினார்கள். திரையில், 'சாதனம் கிடைக்கவில்லை' என்று வந்தது.

இதற்குள் பாரிக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. காலையில் துரை கொடுத்த இரண்டு டீயின் வேலை. அனுமதி கேட்டான். அலுவலகம் கூடி விவாதித்தது.

"போனால் எடை குறையுமே?" என்றார் சுப்புராயன்.

"டீ குடிச்சதுல கூடுன எடைதானே சார் குறையும்" என்றாள் ஜெயஸ்ரீ.

"டீ கொடுத்தது யார்? எடை நிலுவையில் இருக்கும் ஓட்டுநருக்கு டீ கொடுக்கலாமா?" துரை தலையைக் குனிந்தான். கடைசியில், பாரி போய் வரும் வரை துரை அவன் சீட்டில் பதிலி எடையாக உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. துரை ஒல்லி. ஆகவே அவன் மடியில் ஒரு கருங்கல்லையும் வைத்தார்கள். பாரி திரும்பி வந்தபோது துரை கல்லைக் கட்டிக்கொண்டு, "ஜல்தி வா மாமு, தொடை மரத்துப் போச்சு" என்று முனகினான்.

மூன்று மணிக்கு சுப்புராயன் மறுபடி வந்தார். முகத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்த திருப்தி. "காரணம் தெரிந்துவிட்டது. நீ வண்டி நிறைய இரும்பு ஏற்றிக்கொண்டு வந்து நின்றால் அலை எப்படியப்பா தாண்டி வரும்?"

"இரும்பு மார்க்கெட்டுல வேற இன்னா சார் ஏத்திகினு வரது? அதுவும் இல்லாம, பீரோகூட இரும்புதானே சார்?"

சுப்புராயன் புண்பட்டுப் போனார். "அது வாரியத்து இரும்பு" என்றார்.

நான்கு மணி அடித்தது. செல்லம்மா போன் செய்தாள். "டேய், எங்கடா கீற? அவங்க வூட்ல பஜ்ஜி போட்டுட்டாங்களாம்!"

"எடைமேடை மேல கீறேன்க்கா."

"எறங்கி வாடா!"

"எறங்கக் கூடாதாம்க்கா."

செல்லம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விடலாமா என்று பாரி ஒரு நிமிஷம் நினைத்தான். ஆர்.சி. புத்தகம் அலுவலகத்துக்குள் இருக்கிறது. சீட்டில்லாத கம்பியைப் பாலத்துக்காரர்கள் இறக்கவும் மாட்டார்கள். வருகிறது வரட்டும் என்று குணசுந்தரியின் தகப்பனார் அப்பாவு என்பவருக்கே போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னான்.

அப்பாவு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நானும் நாப்பது வருஷம் இந்த ஊர்ல குப்ப கொட்டிகினு கீறேன். டீ குடிச்சா எடை கூடுதுன்னு ஆபீசர் புடிச்சி வெச்சாருன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்றார். அவர் கையிலிருந்து போன் பிடுங்கப்பட்டது. ஒரு பெண் குரல் வந்தது.

"நான் குணசுந்தரி பேசறேன். இப்ப சொன்னதெல்லாம் நெஜமா?"

"நெஜங்க."

"எப்ப வுடுவாங்க?"

"தெரியாதுங்க."

"உங்களுக்கு மின்ன என்னப் பாக்க வரதா இருந்த ரெண்டு பேரும், தோ வந்துட்டேன், பத்து நிமிஷம்னு சொல்லியே ஏமாத்துனாங்க. தெரியாதுன்னு சொன்ன ஆளு நீங்கதான். அங்கியே இருங்க, நாங்க வரோம்."

"வேற எங்கயும் இருக்க முடியாதுங்க" என்றான் பாரி.

ஷேர் ஆட்டோவில் அப்பாவும் மகளும் வந்து இறங்கினார்கள். அப்பாவு வேட்டியில், குணசுந்தரி பச்சைப் பட்டில், கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு. அவள் நேராக மேடைக்கு வந்து, பலகையைப் படித்து, சங்கிலியைப் பார்த்து, பிறகுதான் வண்டிக்குள் இருந்தவனைப் பார்த்தாள். போட்டோவில் பார்த்த அதே பார்வை. பாரி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். காலையிலிருந்து வெயிலில் வெந்த சட்டை அதற்கெல்லாம் மசியவில்லை.

அப்பாவு சண்டைக்குத் தயாராக ரோட்டைக் கடந்தார். "இன்னா சார் இது அநியாயம்? அப்டி இன்னா மிஷின் சார் அது?"

சுப்புராயனுக்கு முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்தக் கேள்வியை அவரிடம் யாருமே மரியாதையாகக் கேட்கவில்லை. "வாருங்கள், உள்ளே வந்து நீங்களே பாருங்கள்" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

இங்கே ட்ரெய்லர்கள் போகிற இரைச்சலில் கீழிருந்து பேசுவது மேலே கேட்கவில்லை. குணசுந்தரி இரண்டு தடவை கத்திப் பார்த்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்க. காலைலேர்ந்து எதனா துன்னீங்களா?"

"துன்னா எடை கூடுமாம்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாரிக்கு அந்த நாளில் முதல் தடவையாக, இங்கே மாட்டிக்கொண்டது அப்படியொன்றும் கெட்ட காரியமில்லை என்று தோன்றியது.

"பயமா இல்லியா? மூணாவது எடமும் போச்சேன்னு?"

"பயந்துதான் போன் பண்ணேன். நீங்க வருவீங்கன்னு சத்தியமா நெனக்கல" என்றான். குணசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மைக்கில் சுப்புராயனின் குரல் முழங்கியது. "இதோ பாருங்கள் ஐயா, வாரியத்தின் பெருமை!" அப்பாவுக்கு அடாப்டரின் தரிசனம் காட்டுவதற்காக அவர் பீரோ கதவைத் திறந்தார். கதவு திறந்த மாத்திரத்தில் திரையில் எடை வந்தது. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு சீட்டைத் துப்பியது.

"வந்துடுச்சு சார்!" என்று ஜெயஸ்ரீ கூவினாள்.

"விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று காலையிலேயே சொன்னேனா இல்லையா?" என்றார் சுப்புராயன். காலையில் அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடாப்டருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு பீரோவைப் பத்திரமாகப் பூட்டினார். சீட்டோடு எல்லோரும் மேடைக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் வண்டிக்குள் இரண்டு பேர் இருப்பதை ஜெயஸ்ரீ பார்த்தாள்.

"சார்... அந்தப் பொண்ணோட எடையும் சீட்டுல சேந்துடுச்சு."

சுப்புராயன் சீட்டைப் பார்த்தார், குணசுந்தரியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"அதுக்கு இன்னா சார்? எறங்கிக்கினா போச்சு" என்றார் அப்பாவு.

"எப்படி இறங்குவது? கம்பியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வந்து இதே மேடையில் மறுபடி எடை போட வேண்டும். அதைக் கழித்தால்தான் கம்பியின் எடை. காலி வண்டியில் உங்கள் மகள் இல்லாவிட்டால் உங்கள் மகளும் கம்பிக் கணக்கில் போய்விடுவார். பாலத்தில் அந்த அளவு கம்பி குறையும். குறைந்த கம்பியை இந்தத் தம்பி திருடினான் என்று வழக்கு வரும்."

"அப்ப இன்னொரு தடவ எடை போடுங்க சார்!" என்று பாரி அலறினான்.

"அச்சான சீட்டை ரத்து செய்யத் தலைமையகம் கூட வேண்டும். அவர்கள் பொங்கலுக்கு அப்புறம் கூடுவார்கள். ஆகவே ஏறியவர் யாரோ அவர்தான் போய் வர வேண்டும்."

"வயசுப் பொண்ண, கல்யாணம் ஆவாம, எப்டி சார் ஒரு ஆம்பள கூட லாரில அனுப்பறது?" அப்பாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கல்யாணம் வாரியத்தின் எல்லைக்குள் வராது ஐயா. எடை மட்டும்தான்."

"அப்ப நானும் ஏறிக்கறேன்!"

"நீங்கள் ஏறினால் மூன்று பேர் ஆகிவிடும். இது இரண்டு பேர் சீட்டு."

பாரி எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். "நீங்க எறங்குங்க. வூட்டுக்குப் போங்க. வழக்கு வந்தா நான் பாத்துக்கறேன். எனக்காகப் பேர கெடுத்துக்காதீங்க" என்றான் குணசுந்தரியிடம். அதை அவன் மனசாரச் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் இறங்குவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குணசுந்தரி கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நைனா, நீ வூட்டுக்குப் போயி அவங்க அக்காவ வரச் சொல்லு. மத்தத பேசி முடிச்சி வையி. நான் கம்பிய எறக்கிட்டு வரேன்." பிறகு பாரியிடம், "வண்டிய எடுங்க" என்றாள்.

அப்பாவு திறந்த வாயை மூடவில்லை. துரை ஆர்.சி. புத்தகத்தையும் எடைச்சீட்டையும் நீட்டிவிட்டு முன் சங்கிலியைக் கழற்றினான். வண்டி உறுமிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. சுப்புராயன் கையை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்தார்.

"அம்மா! அந்த டப்பாவில் என்ன?"

"கேசரி!"

"அதுவும் எடையில் சேர்ந்திருக்கிறது! திரும்பி வரும் வரை அதில் கை வைக்கக் கூடாது!"

குணசுந்தரி டப்பாவைத் திறந்தாள். நெய் மணம் வண்டி முழுக்கப் பரவியது. ஒரு கரண்டி எடுத்து பாரியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துன்னுங்க. டப்பாவுல இருந்தா இன்னா, உங்க வயித்துல இருந்தா இன்னா? எடை வண்டிக்குள்ளதான கீது."

சுப்புராயன் நடு ரோட்டில் நின்றுவிட்டார். அவர் சர்வீஸில் அப்படியொரு விதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாரி வாயைத் திறந்தான்.